எந்த மேஜை?

பணம் கொடுத்துச் சாமான் வாங்குகிறவனுக்குத்தான் பொறுக்கி எடுக்கும் கஷ்டம் உண்டு, இனாமாகக் கிடைக்கும் பொருளில் அந்தத் தொல்லையே கிடையாது என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அவர்கள் லினக்ஸ் பக்கம் போனதில்லை என்று அர்த்தம். அங்கே எல்லாம் இனாம்தான். ஆனால் வாசற்படியில் கால் வைத்தவுடனேயே, "உங்களுக்கு எந்த டெஸ்க்டாப் வேண்டும்?" என்று கேட்டு விடுகிறார்கள். க்னோமா, கே.டி.ஈ. பிளாஸ்மாவா, எக்ஸ்.எப்.சி.ஈ.யா, சினமனா, மாட்டேயா? பட்டியல் ஜவுளிக்கடைப் புடைவை மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கொண்டே இருக்கும்.

நான் பட்டம் வாங்கியவனல்ல. கம்ப்யூட்டர் சாஸ்திரம் முறையாகப் படித்தவனுமல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் இந்த விஷயத்தில் ஒரு மாதம் போல் மண்டையை உடைத்துக் கொண்டபடியால், எனக்குத் தெரிய வந்ததைச் சொல்லலாம் என்று உத்தேசம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறேன். 1991-ல் ஹெல்சின்கி சர்வகலாசாலையில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் இருக்கிறதே, அது நம் கண்ணுக்குத் தெரிகிற சமாசாரம் அல்ல. வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி அடியில் கிடப்பது. கண்ணுக்குத் தெரிகிற ஜன்னல்களும் மெனுவும் மூலையில் ஓடும் கடிகாரமும் வேறு ஆசாமிகள் செய்து மேலே வைத்தவை. அதற்குத்தான் டெஸ்க்டாப் என்று பெயர். தமிழில் மேஜை என்றே வைத்துக் கொள்வோமே, அர்த்தமும் அதுதான். விண்டோஸில் மேஜையை அந்தக் கம்பெனியே போட்டுக் கொடுத்து விடுகிறது. லினக்ஸில் நாமே பார்த்துப் போட்டுக் கொள்ள வேண்டும்.

எனக்கு இந்தத் தேவை வந்தது என் அத்தையால். அத்தை கும்பகோணத்தில் தனியாக இருக்கிறாள். வயது எழுபத்து நான்கு. சர்க்கார் ஆபீஸில் தமிழ் டைப்பிஸ்டாக முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற பிறகும் அவளுடைய ஆபீஸ் மூடவில்லை. முதியோர் உதவித் தொகைக்கு, பட்டா மாறுதலுக்கு, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதற்கு என்று தெருவிலுள்ள பெண்கள் யாராவது வந்து திண்ணையில் உட்கார்ந்து கொண்டே இருப்பார்கள். அத்தை மனு எழுதிக் கொடுப்பாள். காசு வாங்க மாட்டாள். யாருக்கு எந்த அதிகாரி, எந்தத் தாளை எதனுடன் இணைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

நாலைந்து வருஷமாக அத்தைக்குக் கை நடுக்கம். பேனா பிடித்தால் எழுத்து புரள்கிறது. அதனால் அவள் பிள்ளை, தான் 2017-ல் வாங்கிய லேப்டாப்பை அவளிடம் விட்டுப் போனான். திரையை விரலால் தொட்டு வேலை வாங்கலாம். முழுக்கப் பின்னால் மடக்கினால் பலகை மாதிரி மடியில் வைத்துக் கொள்ளலாம். விசைகளில் அடிப்பதில் அத்தைக்கு அதிகக் கஷ்டம் இல்லை. முப்பது வருஷப் பழக்கம் விரலில் இருக்கிறது. நடுங்கினாலும் போய்ச் சேர வேண்டிய இடம் அதற்குத் தெரியும். அவளைத் தோற்கடித்தது மவுஸ். இரண்டு தட்டு தட்டுவதற்குள் அம்புக்குறி நகர்ந்து விடும். திறக்க வேண்டிய மனு வேறு எங்கோ போய் விழும். அதனால் ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது.

"ஏண்டா, மனு முழுக்க நான் அடிக்கிறேன். ஒரு க்ளிக்குக்கு ஒரு பையனைக் கூப்பிடணுமா?" என்று அத்தை என்னைக் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. அந்த லேப்டாப்பின் பிராசஸர் விண்டோஸ் 11 கேட்கும் வரிசையில் இல்லை. மற்றபடி யந்திரம் திடமாகத்தான் இருந்தது. மெமரி 8 ஜி.பி. ஆகவே லினக்ஸ் போடுவது என்று தீர்மானமாயிற்று. எந்த மேஜை என்பதுதான் பாக்கி.

கேட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர், "அழகாக இருப்பதைப் போடுங்கள்" என்றார். இன்னொருவர், "பழைய யந்திரம், லேசானதைப் போடுங்கள்" என்றார். யாரும், "தொடப் போவது விரலா, மவுஸா?" என்று கேட்கவில்லை. எனக்கென்னவோ முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று தோன்றுகிறது.

விரலும் மவுஸும் கிட்டத்தட்ட ஒரே வயசுக்காரர்கள். இங்கிலாந்தில் மால்வர்ன் என்ற ஊரில், ராயல் ரேடார் எஸ்டாப்ளிஷ்மெண்டில் இருந்த ஈ. ஏ. ஜான்ஸன், விரலால் தொடும் திரையைப் பற்றி 1965-ல் எழுதினார். ஆகாய விமானப் போக்குவரத்தைக் கவனிப்பவர்களுக்கு உதவும் என்பது எண்ணம். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பார்ட், 1968 டிசம்பர் 9-ஆம் தேதி ஸான்பிரான்ஸிஸ்கோவில் பெரிய சபையின் முன்னால் மவுஸை வைத்து வேலை செய்து காட்டினார். ஆனால் மேஜை செய்தவர்கள் எல்லாரும் மவுஸுக்கென்றே அளவெடுத்துச் செய்தார்கள். விரல் வெகுகாலம் வெளியிலேயே நின்று கொண்டிருந்தது. 2007-ல் ஐபோன் வந்த பிறகுதான் அதற்கு மரியாதை கிடைத்தது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அம்புக்குறியின் முனை ஊசி முனை. விரல் நுனியோ ஒரு சென்டிமீட்டர் அகலம். தொடுகிற பொருளையே மறைத்துக் கொண்டு நிற்கும். 1954-ல் பால் பிட்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஓர் இலக்கைப் போய்த் தொட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரிசாக இருக்கிறது என்கிற இரண்டையும் பொறுத்தது என்பதே அதன் சாரம். இன்று ஆண்டிராய்ட் போனுக்கு நிரல் எழுதுகிறவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கும் விதி, பொத்தான் ஏறக்குறைய 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது. நடுங்கும் விரலுக்கு அதுவும் குறைச்சல்தான்.

அளவு மட்டும் அல்ல. மவுஸ், தட்டாமலே ஒரு பொருளின் மேல் நின்று பார்க்கும். அப்படி நின்றால் சில மெனுக்கள் தாமாக விரியும். சின்னச் சீட்டு ஒன்று தோன்றி, "இது அச்சடிப்பதற்கு" என்று சொல்லும். விரலுக்கு அந்த நாசூக்கு கிடையாது. தொட்டால் தொட்டதுதான். மவுஸுக்கு வலது பக்கத்தில் இன்னொரு பொத்தான் உண்டு. விரல் அதற்குப் பதிலாக அழுத்திப் பிடித்துக் கொண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே மவுஸுக்குச் செய்த மேஜையில் எழுத்தையும் படத்தையும் பெரிசாக்கி விட்டால் விரலுக்குச் சரியாகி விடும் என்று நினைப்பது, மாமனாரின் சட்டையைக் கை நீளம் குறைத்து மாப்பிள்ளைக்குப் போடுவது போலத்தான்.

இதற்கும் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. திரையில் ஜன்னல்களை வரைந்து காட்டுவதற்கு லினக்ஸில் நெடுங்காலமாக இருந்து வரும் ஏற்பாடு எக்ஸ். 1984-ல் எம்.ஐ.டி.யில் பிறந்து, 1987-ல் எக்ஸ் 11 ஆயிற்று. பல விரல்களின் தொடுகை அதற்குள் நுழைந்ததே 2012-ல்தான். அதிலும், அதைப் புரிந்து கொள்ளாத நிரல்களிடம் விரல் மவுஸ் வேஷம் போட்டுக் கொண்டுதான் போக வேண்டும். பக்கத்தை மேலே தள்ளலாம் என்று விரலை இழுத்தால், பக்கம் நகராமல் எழுத்தெல்லாம் நீலமாகி நிற்கும். மவுஸால் இழுத்தால் அதுதானே நடக்கும்? 2008-ல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பர்க் தொடங்கிய வேலண்ட் என்ற புதிய ஏற்பாட்டில் விரல் விரலாகவே போகிறது. ஆகவே, தொடுதிரைக்கு மேஜை தேடுகிறவர்கள், அது வேலண்டின் மேல் நன்றாக ஓடுமா என்பதைப் பார்த்துக் கொள்வது நல்லது. இந்த ஒரு சல்லடையிலேயே பட்டியல் பாதிக்கு மேல் குறைந்து விடும்.

மிஞ்சுகிற பெரிய வீடுகள் இரண்டு: கே.டி.ஈ., க்னோம். இரண்டும் பங்காளிகள் மாதிரி. ஜெர்மனியில் டூபிங்கன் சர்வகலாசாலை மாணவரான மத்தியாஸ் எட்ரிச் 1996-ல் கே.டி.ஈ.யை ஆரம்பித்தார். அதற்கு அவர் எடுத்துக் கொண்ட க்யூட்டி என்ற கருவியின் உரிம நிபந்தனை அப்போது முழுச் சுதந்திரம் தரவில்லை. அது பிடிக்காமல், மெக்ஸிகோவைச் சேர்ந்த மிகேல் டி இகாஸாவும் பெடரிகோ மேனாவும் 1997-ல் க்னோமை ஆரம்பித்தார்கள். 2000-த்தில் க்யூட்டியின் நிபந்தனை சரியாகி விட்டது. காரணம் தீர்ந்தது, தனிக் குடித்தனம் தீரவில்லை. நம் ஊர் வழக்குகளிலும் இப்படி உண்டல்லவா?

க்னோமைப் பற்றிய ஒரு பழைய சண்டையைச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தது. கீழே வரிசையாக இருந்த பட்டை போயிற்று. மேஜை மேல் இருந்த படங்கள் போயின. ஜன்னலைச் சுருக்கும் பொத்தான் கூடப் போயிற்று. தலைப்புப் பட்டைகள் மட்டும் தடிமனாயின. ஊரே எழுந்து நின்று திட்டிற்று. லினஸ் டோர்வால்ட்ஸே கோபித்துக் கொண்டு எக்ஸ்.எப்.சி.ஈ.க்குக் குடி போனார். பிற்பாடு திரும்பி வந்தார் என்பது வேறு கதை. பழைய க்னோமே வேண்டும் என்றவர்கள் மாட்டே என்று தனியாகப் பிரித்துக் கொண்டார்கள். அர்ஜென்டினாவில் தொடங்கிய முயற்சி அது. அந்தப் பக்கத்துப் பானம் ஒன்றின் பெயரையே வைத்தார்கள். 2012-ல் விண்டோஸ் 8-ம் விரலை நினைத்துக் கொண்டு ஸ்டார்ட் பொத்தானை எடுத்து விட்டுப் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். மறு வருஷமே பொத்தானைத் திரும்பக் கொண்டு வந்து வைத்தார்கள்.

கோபித்தவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் கையில் மவுஸ் இருந்தது. ஆனால் அவர்கள் குறை சொன்னவற்றையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி, அத்தையின் விரலுக்கு என்ன வேண்டும் என்பதை எதிரில் எழுதிப் பார்த்தேன். இரண்டு பட்டியலும் ஒன்றாகவே இருந்தன. பெரிய பொத்தான், கொஞ்சம் பொருள், நிறையக் காலியிடம்.

இருந்தாலும் காகிதத்தில் போட்ட கணக்கை நம்பி ஒருவருக்கு மேஜை வாங்கிப் போட எனக்கு மனசில்லை. லினக்ஸில் ஒரு நல்ல சௌகரியம் உண்டு. பென் டிரைவில் போட்டு, லேப்டாப்புக்குள் எதையும் எழுதாமலே ஓட்டிப் பார்க்கலாம். மூன்று பென் டிரைவுகளைத் தயார் செய்து கொண்டு கும்பகோணம் போனேன். ஒன்றில் எக்ஸ்.எப்.சி.ஈ., ஒன்றில் பிளாஸ்மா, ஒன்றில் க்னோம்.

எக்ஸ்.எப்.சி.ஈ. 1996-ல் பிறந்தது. சிக்கனக் குடும்பம், பழைய யந்திரத்திலும் சுறுசுறுப்பாக ஓடும். மவுஸ் வைத்திருப்பவர்களுக்கு அதை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். அதன் சின்னமே ஓர் எலிதான். ஆனால் ஜன்னலின் ஓரம் நூல் மாதிரி இருக்கும். அதைப் பிடித்து இழுக்க அம்புக்குறியே தடுமாறும். அத்தை நாலு தடவை முயன்று விட்டு, "இது எலிக்கு வெச்ச பொறி மாதிரி இருக்குடா. என் விரல் உள்ளேயே போகலை" என்றாள்.

அடுத்தது பிளாஸ்மா. இது என் சொந்த மேஜை. எனக்குப் பழக்கமும் பிரியமும் அதனிடந்தான். 2024 பிப்ரவரியில் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து அது வேலண்டையே முதலில் நாடுகிறது. லேப்டாப்பைப் பின்னால் மடக்கினால், விரலுக்கு இடம் விட்டுப் பொத்தான்களைத் தள்ளி வைத்துக் கொள்ளும். எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக் கொள்ளலாம். அத்தைக்கும் பார்த்தவுடன் பிடித்து விட்டது. கால் மணி நேரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதற்குள் மேஜை மேல் இருந்த ஒரு படம் விரலோடு ஒட்டிக் கொண்டு இடம் மாறி விட்டது. அத்தை கையை எடுத்து மடியில் வைத்துக் கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னென்னமோ இருக்கே! கை நடுங்கி எங்கேயாவது பட்டு எதையாவது மாத்திப்பிடுவேனோன்னு பயமா இருக்கு."

"மாறினா நான் சரி பண்ணிக் கொடுக்கிறேன், அத்தை."

"நீ எங்கே இருக்கே, நான் எங்கே இருக்கேன்?"

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்றாவது பென் டிரைவைச் செருகினேன்.

க்னோமின் மேஜை மேல் ஒன்றுமே இராது. "என்னடா, காலியா இருக்கு?" என்றாள் அத்தை. மூன்று விரலை வைத்து மேலே தள்ளச் சொன்னேன். திறந்திருப்பவை எல்லாம் சிறு பலகைகளாக வந்து நின்றன. இன்னொரு தரம் தள்ளினதும் நிரல்களின் படங்கள் பெரிசு பெரிசாக, இடைவெளி விட்டு வரிசையாக வந்தன. மூன்று விரல் சேர்ந்து வராதபோது மேல் மூலையை ஒரு விரலால் தொட்டாலும் போதும். ஒவ்வொன்றாகத் திறந்தாள், மூடினாள். நடுவில் இரண்டு மூன்று தடவை விரல் தவறி வெற்றிடத்தில் பட்டது. ஒன்றும் நடக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்து கவனித்துக் கொண்டிருந்தேன். நாலாம் தடவை தவறியபோது அத்தை கையை இழுத்துக் கொள்ளவில்லை.

"இதுவே இருக்கட்டும்டா. ஒண்ணுமில்லாத இடத்துல கை பட்டா ஒண்ணும் ஆகாது."

நான் ஒரு மாதம் படித்துத் தெரிந்து கொண்டதை அத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லி விட்டாள்.

அப்புறம் செய்ய வேண்டிய காரியங்கள் அதிகமில்லை. தமிழ் எழுத ஐபஸ் என்ற ஏற்பாடு க்னோமில் கூடவே இருக்கிறது. அதில் தமிழ் 99 உண்டு. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையும் உண்டு. அவற்றோடு பழைய தமிழ் டைப்ரைட்டர் வரிசையும் இருப்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அதை வைத்துக் கொடுத்தேன். அத்தையின் விரல்களுக்குப் புதிதாக எதுவும் கற்றுக் கொடுக்க வேண்டி வரவில்லை.

மாற்றுத் திறனாளிகளுக்கான வசதிகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் பெரிய எழுத்துக்கு ஒரு பொத்தான். 'பவுன்ஸ் கீஸ்' என்று இன்னொன்று: ஒரே விசை நடுக்கத்தால் இரண்டு தடவை சட்டென்று அமுங்கினால் இரண்டாவதைத் தள்ளி விடும். இரண்டையும் போட்டு விட்டேன். இந்த வசதி கே.டி.ஈ.யிலும் இருக்கிறது, தேடிப் பார்க்கிறவர்கள்தான் குறைவு. திரையைத் திருப்பினால் படமும் சேர்ந்து திரும்புவது அத்தைக்குத் தலைசுற்றலாக இருந்தது. அதையும் பூட்டி வைத்தேன்.

மேஜை சரியாகி விட்டால் அதன் மேல் வைக்கிற பாத்திரமெல்லாம் சரியாகி விடும் என்றும் எண்ண வேண்டாம். மனு அடிக்கிற லிப்ரே ஆபீஸ் மவுஸ் காலத்துப் பாத்திரம். பொத்தான்கள் கடுகு மாதிரி. அமைப்புக்குள் போய் அவற்றை மிகப் பெரிசாக ஆக்கினேன். சேமிப்பதற்கும் அச்சடிப்பதற்கும் விசையிலேயே வழி இருப்பதை ஒரு அட்டையில் எழிதி ஒட்டி வைத்தேன். டைப்பிஸ்டுக்கு அதுவே சுலபமாக இருந்தது.

க்னோமுக்குக் குறை இல்லையா என்றால் உண்டு. மெமரி சற்று அதிகம் கேட்கும். நமக்கு வேண்டியபடி மாற்ற நினைத்தால் பல விஷயங்களில் கையை விரித்து விடும். வெளியார் செய்த ஒட்டு வேலைகளைச் சேர்த்துக் கொண்டால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பு வரும்போது அவற்றில் சில உதிர்ந்து போகக் கூடும். என் போல் இரண்டு மூன்று ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொண்டு மவுஸால் உழுகிறவனுக்கு அது சரிப்படாது. நான் இன்னும் பிளாஸ்மாவில்தான் இருக்கிறேன். இந்தக் கட்டுரையும் அதில்தான் அடிக்கப்படுகிறது. ஆகவே எல்லாருக்கும் எது உயர்ந்தது என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் கிடையாது. யார் கை அதைத் தொடப் போகிறது என்று கேட்டால் பதில் உண்டு.

போன மாதம் அத்தையிடமிருந்து ஒரு கவர் வந்தது. தெருக்கோடியில் இருக்கும் ஒரு அம்மாளின் உதவித் தொகை நின்று போனதற்கு அவள் அடித்த மனுவின் நகல். பிழை ஒன்று கூட இல்லை. கீழே, பார்வைக்கு என்று போட்டு, இணைப்புகளின் பட்டியல். எனக்கென்று தனியாக ஒரு வரியும் இல்லை. பையனைக் கூப்பிட்டாளா இல்லையா என்று நானும் விசாரிக்கவில்லை. மனுவின் அடியில் அடித்திருந்த நேரம் இரவு பத்தே முக்கால். அந்தப் பையன் ஒன்பது மணிக்கே தூங்கி விடுவான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய தொடுதிரை லேப்டாப் பரணில் கிடக்கலாம்; அதற்கு ஏற்ற ஒருவரும் வீட்டில் இருக்கலாம். இரண்டு மூன்று பென் டிரைவில் மேஜைகளைப் போட்டுக் கொண்டு போங்கள். தொடுகை எடுக்கிறதா, திரை திரும்புகிறதா, மூடித் திறந்தால் விழித்துக் கொள்கிறதா என்பதை மட்டும் முன்னதாக நீங்கள் பார்த்து வையுங்கள். யந்திரத்துக்கு யந்திரம் அது மாறும். பிறகு அதை அவர் கையில் கொடுங்கள். கொடுத்து விட்டு, "இங்கே தொடு, அங்கே தொடு" என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொண்டிராமல், காப்பி குடிப்பதற்காவது எழுந்து அடுத்த அறைக்குப் போய் விடுங்கள்.